ஒரு கெட்டில்பெல், ஒரு மொட்டை மாடி: வலிமைக்கு இவை போதுமா?

சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 41, எடை 68 கிலோ. நாள் முழுவதும் தரையில் அமர்ந்து குனிந்தபடியே வேலை. ஜிம்முக்குப் போய்வர நேரம் கிடைப்பதில்லை. கையில் 16 கிலோ கெட்டில்பெல் (மேலே கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு) ஒன்றும் வீட்டுக்கு மேலே மொட்டை மாடியும் இருக்கின்றன. காலையில் அரை மணி நேரம் ஒதுக்க முடியும். இவற்றை வைத்துத் தண்டால், பஸ்கி, ஸ்விங் (கெட்டில்பெல்லைக் கால்களுக்கு நடுவிலிருந்து முன்னால் வீசி உயர்த்தும் பயிற்சி) செய்தால் உண்மையாகவே வலிமை கூடுமா, அல்லது வியர்வை மட்டும்தான் மிஞ்சுமா என்பது அவருடைய கேள்வி. ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலை பார்க்கும் மைத்துனர் “மலை ஏறி இறங்கினாலே போதும், இரும்பு எதற்கு?” என்று சொல்வதையும், ஸ்விங் செய்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று பட்டறையில் ஒருவர் எச்சரித்ததையும் சேர்த்து எழுதியிருக்கிறார். குறைந்த கருவிகளை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம், எந்த இடத்தில் அவை போதாமல் போகும் என்பதைத்தான் அவர் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். சேலத்தில் பல ஆண்டுகளாகப் பிசியோதெரபிஸ்டாகவும் வலிமைப் பயிற்சி கற்பிப்பவனாகவும் இருந்துவருவதால், உங்களைப் போலத் தரையில் அமர்ந்து தொழில் செய்பவர்கள் பலருடன் பழகிய அனுபவத்தை வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் நேரான பதில். மூட்டையைத் தூக்குவதற்கும், படி ஏறுவதற்கும், மாலையில் முதுகு சோராமல் இருப்பதற்கும், அறுபது வயதுக்குப் பிறகும் தரையிலிருந்து கையூன்றாமல் எழுந்திருப்பதற்கும் தேவையான வலிமையை இந்த ஒரு கெட்டில்பெல்லாலும் உங்கள் உடல் எடையாலும் நிச்சயமாகப் பெறலாம். பளுதூக்கும் போட்டிக்குத் தயாராவதற்கோ, மேடையில் நிற்கும் ஆணழகன் உடலைப் பெறுவதற்கோ இது போதாது. நீங்கள் எழுதியதில் இந்த இரண்டு ஆசைகளும் தென்படவில்லை என்பதால் முதல் வகையை மட்டும் பேசுகிறேன்.

தசைக்கு, தன்மேல் வரும் பளு இரும்பிலிருந்து வருகிறதா, உடலிலிருந்து வருகிறதா என்பதைப் பிரித்தறியும் வழி கிடையாது. அது உணர்வது இழுவிசையை மட்டும்தான். வேலை எளிதாக இருக்கும்போது நரம்பு மண்டலம் தசையின் சிறிய இழைத் தொகுதிகளை மட்டும் பயன்படுத்துகிறது. வேலை கடினமாகும்போதோ சோர்வு ஏறும்போதோதான் பெரிய, விரைவாகச் சுருங்கும் தொகுதிகளை அழைக்கிறது. வயதாகும்போது முதலில் மெலிவது இந்த விரைவு இழைகள்தான். ஆகவே பயிற்சி பயன்தர வேண்டுமானால் ஒவ்வொரு செட்டும் (ஓய்வின்றித் தொடர்ந்து செய்யும் ஒரு தொகுதி), இன்னும் இரண்டு மூன்று முறை மட்டுமே ஒழுங்காகச் செய்ய முடியும் என்ற நிலைவரை போக வேண்டும். அந்த நிலையை எட்டுவதற்கான கடினமும் வாரங்கள் போகப் போகக் கூடிக்கொண்டே வர வேண்டும். 1940களில் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த தாமஸ் டெலோர்ம் என்ற மருத்துவர், படிப்படியாகப் பளுவைக் கூட்டும் இந்த முறையை மருத்துவ உலகில் நிலைநிறுத்தினார். இன்றுவரை எந்த ஆய்வும் அதன் அடிப்படையை அசைக்கவில்லை.

இதில் ஐயமின்றித் தெரிந்த இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தசையின் பருமனைப் பொறுத்தவரை, சோர்வின் எல்லைவரை செய்தால் குறைந்த பளுவும் அதிகப் பளுவும் ஏறத்தாழ ஒரே பலனைத் தருகின்றன. ஒரே முறை மிகப் பெரிய எடையைத் தூக்கும் உச்ச வலிமையைப் பொறுத்தவரை, கனமான பளுவே முந்துகிறது. அதாவது, 16 கிலோவை மட்டும் வைத்திருப்பவர் வலிமையான மனிதராக ஆகலாம், ஆனால் 150 கிலோ டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் எடையை நிமிர்ந்து தூக்குவது) செய்பவராக ஆக முடியாது.

வீட்டில் பயிற்சி செய்பவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் கருவியின் பற்றாக்குறை அன்று. முதல் மாதத்தில் இருபது தண்டாலும் முப்பது பஸ்கியும் எடுத்தவர் பத்தாவது மாதத்திலும் அதே இருபதையும் முப்பதையும் எடுத்துக்கொண்டிருப்பார். வியர்வை வரும், மனநிறைவும் வரும். தசைக்கு மட்டும் புதிய காரணம் எதுவும் கிடைத்திருக்காது. ஜிம்மில் தட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம். வீட்டில் எடை மாறாததால், கடினத்தை வேறு வழிகளில் கூட்டத் தெரிந்திருக்க வேண்டும். குறைந்த கருவிப் பயிற்சியின் முழுத் திறமையும் இதில்தான் இருக்கிறது.

தண்டாலையே எடுத்துக்கொள்வோம். சாதாரணத் தண்டாலில் உங்கள் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கைகளின்மேல் வருகிறது; 68 கிலோ மனிதருக்கு அது சுமார் 45 கிலோ. முழங்காலை ஊன்றிச் செய்தால் ஏறத்தாழ பாதி எடைதான். பாதங்களை மாடிப்படியின் இரண்டாம் படியில் வைத்துச் செய்தால் பங்கு கூடுகிறது. இறங்குவதற்கு நான்கு வினாடி எடுத்து, மார்பு தரையைத் தொடும் முன் ஒரு வினாடி நிறுத்தி எழுந்தால், இருபது எடுத்தவரால் எட்டுக்கூட எடுக்க முடியாது. அடுத்து ஒரு கையை அகல நீட்டி மறு கையில் எடையைச் சாய்த்துச் செய்யும் வகை, பிறகு உயரமான திண்ணையில் ஒரு கையை மட்டும் ஊன்றிச் செய்யும் வகை என்று பல ஆண்டுகளுக்குத் தீராத படிகள் இருக்கின்றன. பன்னிரண்டு முறை சுத்தமாக வந்துவிட்டால் அடுத்த படிக்குப் போங்கள். ஐம்பது, நூறு என்று எண்ணிக்கையைக் கூட்டுவது பொறுமையை வளர்க்கும், வலிமையை அந்த அளவுக்கு வளர்க்காது.

கால்களுக்கு 16 கிலோ விரைவில் போதாமல் போகும். கெட்டில்பெல்லை மார்போடு அணைத்துச் செய்யும் பஸ்கி இரண்டு மூன்று மாதங்களில் எளிதாகிவிடும். அப்போது இரண்டு காலின் வேலையை ஒரு காலுக்குக் கொடுக்க வேண்டும். பின்காலை ஒரு தாழ்வான ஸ்டூலின்மேல் வைத்து முன்காலில் இறங்கி எழுவதும், முழங்கால் உயரத்துக்குச் சற்றுக் குறைவான திண்ணையில் ஒரு காலால் ஏறி மெதுவாக இறங்குவதும், கையில் அதே 16 கிலோவோடு செய்யும்போது பயிற்சி பெற்றவருக்கே கடினம்தான். முழங்காலில் உரசல் வலி இருப்பவர்கள் உயரத்தைக் குறைத்துத் தொடங்கலாம். செய்யும்போது லேசாக உணரும் வலி மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம், கூடியிருந்தால் ஒரு படி பின்வாங்க வேண்டும்.

உங்கள் மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை. சேர்வராயன் மலையில் ஏறுவதும் இறங்குவதும் கால்களுக்கு மிகச் சிறந்த வேலை. குறிப்பாக இறக்கத்தில் தொடைத் தசைகள் நீண்டுகொண்டே பளுவைத் தாங்குவதால்தான் பழக்கமில்லாதவருக்கு மறுநாள் படி இறங்க முடியாமல் வலிக்கிறது, அந்த வலியே சில வாரங்களில் தாங்குதிறனாக மாறுகிறது. ஆனால் தினமும் அதே சரிவில் அதே எடையோடு நடப்பவருக்குக் கால்கள் ஒரு கட்டத்துக்குமேல் வளர்வதில்லை. மார்பு, தோள், மேல்முதுகு ஆகியவற்றுக்கு அதில் வேலையே இல்லை. அவர் மூட்டை சுமந்து ஏறுகிறவராக இருந்தால் அது வேறு கணக்கு, சுமை தூக்கி நடப்பது முழு உடலுக்கான பயிற்சி. ஏற்காட்டின் உயரமான சுமார் 1,500 மீட்டர், வலிமைப் பயிற்சிக்குத் தனியாக எந்த நன்மையும் தருவதில்லை. அங்குள்ள குளிர்ச்சியால் சற்று அதிக நேரம் சோர்வின்றிச் செய்ய முடியும், அவ்வளவே.

இனி ஸ்விங். ரஷ்யச் சந்தைகளில் தானியம் நிறுக்கப் பயன்பட்ட எடைக்கற்களிலிருந்து வந்தது கெட்டில்பெல். அந்த நாட்டின் பழைய அளவான ஒரு பூட் 16.38 கிலோ என்பதால்தான் இன்றும் 16, 24, 32 என்று அவை வருகின்றன. ஸ்விங் என்பது கையால் தூக்கும் பயிற்சியோ, உட்கார்ந்து எழும் பயிற்சியோ அன்று. இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி மடித்து, பிட்டத் தசைகளால் வெடுக்கென்று நிமிர்வதுதான் அதன் உயிர். நாள் முழுவதும் தரையில் அமர்பவர்களுக்கு இந்த அசைவே மறந்துபோயிருக்கும். கீழே கிடப்பதை எடுக்கச் சொன்னால் இடுப்பை மடிக்காமல் முதுகைத்தான் வளைப்பார்கள். எனவே முதல் இரண்டு வாரம் ஸ்விங்கைத் தொடவே வேண்டாம். சுவருக்கு முதுகு காட்டி ஓர் அடி தள்ளி நின்று, முழங்காலைச் சற்றே தளர்த்தி, முதுகை நேராக வைத்துப் பிட்டத்தால் சுவரைத் தொட்டு நிமிருங்கள். அது இயல்பாக வந்த பிறகு கால்களுக்கு நடுவே கெட்டில்பெல்லை வைத்து அதே மடிப்பில் டெட்லிஃப்டாக எடுத்து வையுங்கள். தொடையின் பின்புறம் இழுப்பதை உணர்ந்தால் சரியாகச் செய்கிறீர்கள். இடுப்பின் நடு எலும்பருகே இறுக்கம் தெரிந்தால் முதுகு வளைகிறது.

ஸ்விங் தொடங்கும்போது கைகள் இரண்டும் கயிறுபோல இருக்கட்டும், எடையை உயர்த்தும் வேலை இடுப்பினுடையது. கெட்டில்பெல் பின்னுக்கு வரும்போது முழங்காலுக்கு மேலே, தொடைகளின் உட்புறத்தை உரசிச் செல்ல வேண்டும். தாழ்வாகப் போனால் முதுகு இழுபடும். மேலே வந்ததும் நெடுக நிமிர்ந்து நில்லுங்கள், பின்னுக்குச் சாயாதீர்கள். நிமிரும் கணத்தில் மூச்சு வெளியேறட்டும். பத்து முறை செய்து கீழே வைத்து, மூச்சு சீராகும்வரை ஓய்வெடுத்து மறுபடி செய்யுங்கள். வேகம் குறையத் தொடங்கினால் செட் முடிந்தது என்று பொருள், அதற்குமேல் செய்வது முதுகின் செலவில் நடக்கும்.

ஸ்விங் இடுப்பைக் கெடுக்குமா என்பதில் உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். டென்மார்க்கில் 2011இல் வெளியான ஓர் ஆய்வில், கழுத்து, தோள், இடுப்பு வலி மிகுந்த தொழில்களில் இருந்த 40 பேரில் ஒரு பிரிவினர் வாரம் மூன்று முறை, 20 நிமிடம், எட்டு வாரங்கள் கெட்டில்பெல் பயிற்சி செய்தனர். அவர்களுக்கு வலி குறைந்தது, முதுகை நிமிர்த்தும் தசைகளின் வலிமை கூடியது. முதுகெலும்பு இயக்கவியல் ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் 2012இல் வெளியிட்ட அளவீடுகளோ, ஸ்விங்கின்போது கீழ்முதுகெலும்புகளின்மேல் வரும் சறுக்குவிசை (ஓர் எலும்பை அடுத்ததன்மேல் சறுக்கத் தள்ளும் விசை) சாதாரணத் தூக்குதலில் வருவதற்கு எதிர்த்திசையில் இருப்பதைக் காட்டின. அதனால்தான் சிலருக்கு இது முதுகைத் தேற்றுகிறது, கனமான எடையைத் தாராளமாகத் தூக்கும் வேறு சிலருக்கு இதில் மட்டும் வலி வருகிறது என்பது அவர் தரும் விளக்கம். ஆகவே ஆரோக்கியமான முதுகுக்கு முறையான ஸ்விங் பாதுகாப்பானது என்று துணிந்து சொல்லலாம். ஏற்கெனவே வலி உள்ள முதுகு எந்த வகையைச் சேர்ந்தது என்பதை எழுத்தில் சொல்லிவிட முடியாது. உங்களுக்கு வேலை முடிந்ததும் இடுப்பு இறுகுவது மட்டும்தான் என்றால் டெட்லிஃப்டில் ஒரு மாதம் இருந்துவிட்டுப் பாருங்கள். வலி காலுக்கு இறங்கினால், மரத்துப்போனால், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அந்த டென்மார்க் ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு: இதய, நுரையீரல் தாங்குதிறனில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. ஸ்விங் மூச்சிரைக்க வைப்பதால் நடைப்பயிற்சி தேவையில்லை என்று பலர் நினைப்பதற்கு இது தடை போட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் தந்த பரிந்துரை, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம், அதோடு இரண்டு நாளாவது தசை வலிமைப் பயிற்சி என்று இரண்டையும் தனித்தனியாகவே கேட்கிறது. மூக்கனேரிக் கரையில் வேகநடையோ, குமரகிரிப் படிகளோ, விடுமுறை நாளில் மைத்துனரோடு மலைப்பாதையோ, எது உங்களுக்குத் தொடர்ந்து முடியுமோ அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பட்டியலில் உண்மையான ஓட்டை ஒன்று இருக்கிறது. தண்டால் தள்ளுகிறது, பஸ்கியும் ஸ்விங்கும் காலையும் இடுப்பையும் பார்த்துக்கொள்கின்றன. இழுக்கும் வேலை எதுவுமே இல்லை. பற்றவைப்பின்மேல் மணிக்கணக்கில் குனிந்திருப்பவருக்கு மேல்முதுகுதான் முதலில் வலுவாக வேண்டிய இடம். எனவே ஒரு கையைத் திண்ணையில் ஊன்றி, முதுகைத் தட்டையாக வைத்து, மறு கையால் கெட்டில்பெல்லை இடுப்பெலும்புவரை இழுக்கும் ரோ பயிற்சியைத் தண்டாலைவிடக் கூடுதல் செட்டுகள் செய்யுங்கள். மாநகராட்சிப் பூங்காவிலோ பள்ளி மைதானத்திலோ இரும்புக் கம்பம் கிடைத்தால் வாரம் ஒருமுறையாவது தொங்குங்கள். மேலே இழுக்க வரவில்லையென்றால், ஸ்டூலில் ஏறி முகவாயைக் கம்பத்துக்கு மேலே வைத்துக்கொண்டு ஐந்து வினாடியில் மெதுவாக இறங்குங்கள். கூன் இதனால் நேராகிவிடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன், அதற்கான ஆதாரம் வலுவாக இல்லை. அதே குனிந்த வேலையை வலியில்லாமல் நெடுநேரம் தாங்க முடியும் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். தாலிம்கூடங்கள் எனப்படும் பழைய உடற்பயிற்சிக் கூடங்களில் தண்டாலோடும் பஸ்கியோடும் கர்லாக்கட்டை சுழற்றியது தோள்மூட்டின் அசைவுக்கு மிக நல்லது. உங்கள் வீட்டில் ஒன்று கிடந்தால் உடலைச் சூடாக்க அதையே பயன்படுத்தலாம். ரோவுக்கு அது ஈடாகாது.

நாட்களைப் பொறுத்தவரை, திங்கள், புதன், வெள்ளி போதும். ஐந்து நிமிடம் உடலைச் சூடாக்கி, டெட்லிஃப்ட் அல்லது ஸ்விங்கில் பத்து முறை வீதம் ஐந்து செட். பிறகு தண்டால், ரோ, ஒற்றைக்கால் பஸ்கி மூன்றையும் மாற்றி மாற்றி மூன்று சுற்று. கடைசியில் கெட்டில்பெல்லை ஒரு கையில் தொங்கவிட்டு உடல் சாயாமல் மாடியில் நடந்து கை மாற்றுவது. இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். எடையைத் தலைக்கு மேல் ஏந்தியபடி படுத்த நிலையிலிருந்து எழும் டர்கிஷ் கெட்-அப்பைக் கற்க விரும்பினால், முதலில் மூடிய கை முஷ்டியின்மேல் பாதி நீருள்ள டம்ளரை வைத்துப் பழகுங்கள். நீர் சிந்தாமல் எழ முடிந்த பிறகு இரும்பை எடுக்கலாம். ஒவ்வொரு நாளும் எந்த வகை, எத்தனை முறை என்பதைப் பட்டறைக் கணக்கைப் போலவே நோட்டில் எழுதுங்கள். முதல் ஆறேழு வாரத்தில் கூடும் வலிமை பெரும்பாலும் நரம்பு மண்டலம் கற்றுக்கொள்வதால் வருவது. தசைநாண்கள் அதைவிட மெதுவாகத்தான் உறுதியாகும். அந்தக் காலத்தில் உற்சாகத்தில் வேகமெடுப்பவர்களே முழங்கை, தோள் வலியோடு என்னிடம் வருகிறார்கள்.

மாடி பற்றியும் சொல்ல வேண்டும். கைப்பிடிச் சுவருக்கு முகம் காட்டி ஸ்விங் செய்யாதீர்கள். முன்னால் குறைந்தது நான்கு அடி திறந்த இடம் இருக்கட்டும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். பனி ஈரத்தில் தட்டோடு வழுக்கும், எடையைப் போட்டால் உடையும். பழைய ரப்பர் விரிப்பை இரண்டாக மடித்துப் போடுங்கள். சித்திரை, வைகாசியில் மாலை ஏழு மணிக்கும் சேலத்து மாடி அனல் விடும், ஆகவே விடியற்காலைதான் சரி. உள்ளங்கை வியர்வையைத் துடைக்காமல் எடுக்காதீர்கள்.

உணவில் புரதத்தை மட்டும் கவனியுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம், வலிமைப் பயிற்சி செய்பவருக்கு 1.2 முதல் 1.6 கிராம்வரை பயன் தெரிகிறது. உங்கள் எடைக்கு அது 80 முதல் 110 கிராம். இட்லி, சோறு, ரசத்தோடு நிறுத்திக்கொண்டால் இதில் பாதிகூடத் தேறாது. இரண்டு நாமக்கல் முட்டையில் 12 கிராம், நூறு கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம், அதே அளவு நிலக்கடலையில் 25 கிராம் என்று கூட்டிக்கொண்டு வந்தால் பவுடர் டப்பா தேவையில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. எடை குறைவது பெரும்பாலும் தட்டில்தான் நடக்கும். பயிற்சி முடிந்த பிறகும் பல மணி நேரம் கொழுப்பு எரிகிறது என்று விளம்பரங்கள் சொல்வது மிகச் சிறிய அளவுதான்.

நாற்பதைத் தாண்டியவர் என்பதால் தொடங்கும் முன் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், குடலிறக்கம், சர்க்கரையால் விழித்திரைப் பாதிப்பு இவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவர் அனுமதி இன்றித் தொடங்க வேண்டாம். மூச்சை அடக்கித் தூக்கும் கணத்தில் அழுத்தம் வெகுவாக ஏறும். உங்கள் அசைவைப் பார்க்காமல் எழுத்தில் நான் சொல்லக்கூடியதற்கும் ஓர் எல்லை உண்டு. செல்போனை இடுப்புயரத்தில் பக்கவாட்டில் வைத்து ஸ்விங்கைப் படமெடுத்து, தெரிந்த பயிற்சியாளர் ஒருவரிடம் ஒருமுறையாவது காட்டுங்கள்.

அடுத்த எடை எப்போது வாங்குவது என்றும் நீங்கள் கேட்பீர்கள். 16 கிலோவை ஒரு கையால் தலைக்கு மேல் எட்டு முறை சாயாமல் உயர்த்தவும், பத்து செட் ஸ்விங்கை வேகம் குறையாமல் முடிக்கவும் முடிந்தால் 24 வாங்கலாம். அது ஒரே தாவலில் பாதிப் பங்கு கூடுதல் என்பதால் அதை முதலில் டெட்லிஃப்டுக்கும் இரண்டு கை ஸ்விங்குக்கும் ரோவுக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, தலைக்கு மேல் உயர்த்துவதைப் பழைய 16இலேயே இன்னும் சில மாதங்கள் தொடருங்கள்.